கட்டிளமைப் பருவத்தினரின் தனிமையும் சமூக ஊடகமும்: கல்முனைக் கரையோரம் பற்றிய ஒரு நோக்கு

தனிமை என்பது ஆளில்லாமை அன்று. ரொபேர்ட் வைஸ் 1973இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அதனை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பழகுவதற்கு ஒரு வட்டம் இல்லாமையால் வருவது ஒன்று. மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாமையால் வருவது மற்றொன்று. வட்டம் நிறைந்திருக்கும் இடத்திலும் இரண்டாவது இருத்தல் கூடும். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை, கடலுக்கும் வயலுக்கும் இடையே வீடுகள் நெருங்கி நிற்கும் கரையோரத்தை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

இப்பகுதி முஸ்லிம்களிடையே மகளுக்கு வீட்டைச் சீதனமாக வழங்கி, மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் தாய்வழிக் குடிமுறையோடு இணைந்து வேரூன்றியுள்ளது. இதனால் சகோதரிகளின் வீடுகள் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்தடுத்தோ அமைகின்றன. ஒரு சிறுமிக்கு உம்மாவும் மூத்தம்மாவும் சாச்சியும் கூப்பிடு தூரத்தில் உள்ளனர். சமூக ஆதரவை அளக்கும் வினாக்கொத்தில் அவள் உயர்ந்த புள்ளியே பெறக்கூடும். ஆயினும் ஆதரிக்கும் கண்களே கண்காணிக்கும் கண்களுமாகும். காலையில் சாச்சியிடம் சொன்னது மாலைக்குள் உம்மாவின் காதை எட்டிவிடும். பூப்பெய்தியபின் வெளிநடமாட்டமும் சுருங்குகின்றது. ஆண்பிள்ளைக்குக் கடற்கரையும் மைதானமும் உண்டு; அவளுக்குக் கைத்தொலைபேசியே படலை.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். தப்பியோர் பலர் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தமையால் பழைய அயலும் குலைந்தது. மத்திய கிழக்கில் உழைக்கும் வாப்பா வட்ஸ்அப்பில் வரும் குரலானார். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்தவர்கள் ஆசிரியரும் பெற்றோருமே. இன்று கண்டிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

'அடிமை' என்னும் சொல்லையும் நிதானித்தே ஆளவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் மின்னியல் விளையாட்டுக் கோளாறு உண்டு. சமூக ஊடக அடிமைத்தனம் தனி நோயாக இடம்பெறவில்லை. மிகுபாவனை தனிமையை விளைக்கின்றதா, தனிமை மிகுபாவனையை விளைக்கின்றதா என்பதும் ஒரே வேளையில் எடுக்கும் அளவீட்டினால் துணியப்படாது. இதனால் ஊடக நிறுவனங்கள் குற்றமற்றவை ஆகிவிடா. பாவனையாளரின் கவனமே அவை விளம்பரதாரருக்கு விற்கும் பண்டம்; முடிவின்றி நகரும் திரை அவ்வணிகத்தின் கருவி.

அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. இத்தகைய தடை இங்கு வருமாயின் ஆண்பிள்ளை மைதானத்துக்குத் திரும்பலாம். அவளுக்கு எஞ்சுவது பாடசாலையின் ஆலோசனை ஆசிரியர். அவரும் அதே ஊரவராக, ஏன், அதே குடியினராகவும் இருக்கக்கூடும்.