கோரைக் கிழங்கும் களைக்கொல்லியும்: பருவமும் அளவும்

வைகையின் வடகரையில் அமைந்த செல்லூர் இன்று நெருங்கிய தெருக்களையுடைய நகர்ப்பகுதி. கண்மாய்க்குக் கீழிருந்த வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. எனினும் மதுரையைச் சூழ்ந்த சமவெளித் தோட்டக்கால்களில் கோரை உழவனை விட்டபாடில்லை.

கோரை என்பது ஒரு செடிக்கு மட்டும் உரிய பெயரன்று. சங்கச் செய்யுட்கள் பைஞ்சாய் என்பதும், பத்தமடைப் பாய்க்கு உதவுவதும் இவ்வினத்தனவே. ஈண்டு நாம் கருதுவது, மருத்துவர் முத்தக்காசு எனப் போற்றும் மணமுள்ள கிழங்கினை உடைய சைப்பிரசு உரோட்டண்டசு. மருத்துவர்க்கு மருந்தாவது உழவர்க்குப் பகையாவது வியப்பே.

இதன் வலிமை இலையில் இல்லை; மண்ணுள் தொடராகக் கோக்கப்பட்ட கிழங்குகளில் உள்ளது. தொடரின் நுனிக் கிழங்கு முளைத்து நிற்க, ஏனையவை உறங்கிக் கிடக்கும். களைக்கொட்டால் வெட்டினால் தொடர் அறும்; உறங்கியவை விழித்துத் தனித்தனியே முளைக்கும். ஒரு செடியை வெட்டியவன் பலவற்றை வளர்த்தவனாகிறான்.

இலைவழிப் புகுந்து உள்ளே பரவும் களைக்கொல்லிகளின் தேவை இதனாலேயே எழுந்தது. 1974 முதல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட்டு அத்தகையது. அது செடியின் உணவுச்சாறு செல்லும் வழியே செல்வது. முளைத்த தொடக்கத்தில் உணவு கிழங்கிலிருந்து இலைக்கு ஏறுகிறது. அப்பொழுது தெளித்தால் இலை மடியும், கிழங்கு பிழைக்கும். இலைகள் நன்கு விரிந்த பின்னரே உணவு கீழிறங்கும். பூக்குமுன் உள்ள அப்பருவமே தக்கது. பிந்தினால் புதுக்கிழங்குகள் பல உருவாகிவிடும். அவற்றுள் உறங்குவனவற்றை மருந்து எளிதில் எட்டாது.

அளவு மிகுந்தால் பயனும் மிகும் என்பது பரவலான பிழை. மிகைமருந்து இலையை விரைந்து கருக்கிக் கீழே செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. பயிரில்லா நிலத்தில், 41 விழுக்காட்டுக் கரைசலாயின், 1 லிட்டர் நீருக்கு 10 மில்லிலிட்டர் மருந்தும் 20 கிராம் அம்மோனியம் சல்பேட்டும் சேர்ப்பது வழக்கம். பின்னது ஏன் என்பாரும் உளர். கிணற்று நீரின் சுண்ணச்சத்து மருந்தைப் பிணித்து வலுவிழக்கச் செய்யும். அம்மோனியம் சல்பேட்டு அதனைத் தடுக்கிறது. கலங்கிய கண்மாய் நீரும் ஆகாது. மருந்து அதிலுள்ள களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். தெளித்த மறுநாளே உழுவதும் வீண். மருந்து கிழங்கை அடைய இரு கிழமையேனும் விடல் வேண்டும்.

கிளைபோசேட்டு பயிரையும் கொல்லும். ஆதலின் கரும்புத் தோட்டங்களில் ஹாலோசல்பியூரான் மெத்தில் பயன்படுகிறது. அதன் அளவு ஹெக்டேருக்கு 67.5 கிராம் செயற்பொருளே. முன்னதோ கிலோகிராமில் அளக்கப்படுவது. இரண்டையும் ஒரே கரண்டியால் அளப்பவன் பயிரை இழப்பான்.

2022 அக்டோபரில் நடுவண் அரசு, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலர் வாயிலாகவன்றித் தெளிக்கலாகாது என ஆணை பிறப்பித்தது. அதனால் கோடையுழவு மீண்டும் கருதத்தக்கதாகிறது. உழுதபின் நீர் பாய்ச்சாது விட்டால் மேலே புரண்ட கிழங்குகள் வெயிலில் காய்ந்து மடியும். உழுதவுடன் மழை பெய்துவிடின் அதே உழவு கோரைக்கு நடவாகிவிடும். வானம் பார்த்து ஏர் பூட்டுவதன் பொருள் இதுவென்க.