காலில் முள் குத்தி நெறி கட்டினால் அலட்சியம் வேண்டாம்

கெடா மாநிலச் செம்பனைத் தோட்டங்களில் காலில் முள் குத்துவது அன்றாடம் நடப்பதுதான். முள்ளைப் பிடுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சிறு துளை வழியாகக் கிருமி நுழைந்து, தோலுக்கு அடியில் ஓடும் நிணநீர்க் குழாய்களைத் தாக்கக்கூடும். தொடையிடுக்கில் ‘நெறி கட்டுவது’, கிருமியைத் தடுக்கும் நிணநீர் முடிச்சு வீங்குவதால்தான்.

காயத்திலிருந்து மேல்நோக்கிப் போகும் சிவப்புக் கோடு, வலி, வீக்கம், குளிர்காய்ச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே அன்றே கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். இரவாகிவிட்டால் அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா, சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் போன்ற மருத்துவமனைகளின் அவசரப் பிரிவை நாடலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் விடியும்வரை காத்திருக்கவே கூடாது.

எண்ணெய் தேய்த்து நீவுவதும், துணியால் இறுக்கிக் கட்டுவதும் தவறு. காலைத் தலையணைமீது உயர்த்தி வைத்து ஓய்வெடுக்க வேண்டும். வீக்கம் வடிந்தாலும் மருத்துவர் கொடுத்த ஆண்டிபயாடிக் மாத்திரைகளை முழுவதும் சாப்பிட வேண்டும்.

இந்நோய் அடிக்கடி வந்தால் நிணநீர்க் குழாய்கள் பழுதாகி, கால் நிரந்தரமாக வீங்கிவிடலாம். வேலையில் பூட்ஸ் அணிவதும், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைப்பதும் காலைக் காக்கும்.