நேதாஜி தங்கிய மாளிகை: புதிய நினைவகத்துக்கு மாதிரி, பழைய சுவருக்கு யார்?

புதுடெல்லி: 2023 ஜனவரி 23-ஆம் தேதி, நேதாஜியின் பிறந்த நாளன்று, அந்தமானில் அவர் பெயரால் அமைக்கத் திட்டமிடப்பட்ட தேசிய நினைவகத்தின் மாதிரியைப் பிரதமர் மோடி காணொலி வழியே திறந்து வைத்தார். அதற்கெனத் தேர்வான தீவிலேயே, 1943 டிசம்பரில் நேதாஜி தங்கியதாகக் கூறப்படும் பழைய தலைமை ஆணையர் மாளிகை கூரையின்றிச் சிதைந்து கிடக்கிறது.

ராஸ் தீவு என அறியப்பட்ட அத்தீவு, 2018 டிசம்பர் 30 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படுகிறது. 1858 மார்ச்சில் வந்திறங்கிய 200 கைதிகளில் தொடங்கி, காட்டை அழித்துக் கட்டடங்களை எழுப்பியவர்கள் நாடு கடத்தப்பட்ட இந்தியர்களே. 1941 ஜூன் 26 நிலநடுக்கமும், 1942 மார்ச்சில் தொடங்கிய ஜப்பானிய ஆக்கிரமிப்பும் தலைமையிடமாக இருந்த தீவின் வாழ்வை முடித்து வைத்தன. இன்று அங்குள்ள பல சுவர்களை ஆலின வேர்களே பற்றி நிற்கின்றன. தாங்கும் அதே வேர்கள்தாம் செங்கற்களைப் பிளக்கவும் செய்கின்றன.

ஆண்டவர்களின் மாளிகையை நாம் ஏன் காக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. அதைக் கட்டிய கைகள் யாருடையவை என்பதே அதற்கு விடை.

சரி, யார் காப்பது? மின்னி பே, ஜங்லிகாட் போன்ற குடியிருப்புகளைக் கொண்ட ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) நகராட்சி மன்றம் உண்டு. உள்ளாட்சிகளுக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 12-ஆவது அட்டவணையில் 18 பொறுப்புகளைப் பட்டியலிடுகிறது. பண்பாட்டு வளர்ச்சியும் அவற்றுள் ஒன்று. ஆனால், எதிரே உள்ள இத்தீவோ 1979-இல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. யூனியன் பிரதேசத்துக்குச் சட்டப்பேரவை இல்லை, மாநிலங்களவையில் இடமில்லை, மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். நிர்வாகத்தின் கடிவாளம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் உள்ளது. ஆகவே, வார்டு உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வியும் டெல்லிக்கு வந்தாக வேண்டியிருக்கிறது.

குரல் வலுத்தால் டெல்லி செவிசாய்க்கும் என்பதற்கு அத்தீவுகளிலேயே சான்று உண்டு. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு பிரிவுகளில் நான்கு அழிந்துபோயின. சிறை வளாகத்திலேயே மருத்துவமனை எழுந்தது. முன்னாள் அரசியல் கைதிகள் விடாது வலியுறுத்தியதாலேயே எஞ்சிய மூன்றும் தப்பின. 1979 பிப்ரவரி 11-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவகமாக அர்ப்பணித்தார்.

காலம் கடத்தினால் என்ன நேரும் என்பதற்குப் புதுச்சேரி சான்று. பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமான 'மேரி', உரிய காலத்தில் சீரமைக்கப்படாமல் 2014 நவம்பர் இறுதியில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவில் மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தோற்றம் திரும்பியது, பழைய சுவர்கள் திரும்பவில்லை.

தலைமை ஆணையர் மாளிகையைப் புத்தம் புதிதாக மாற்ற வேண்டியதில்லை. எஞ்சிய சுவர்களை உறுதிப்படுத்தி, வேர்களைக் கட்டுப்படுத்தி, கைதிகளின் உழைப்பையும் அங்கே எழுதி வைத்தால் போதும். அதற்கு முன், கடற்படை, தீவு நிர்வாகம், தொல்லியல் துறை, நகராட்சி ஆகிய நான்கில் யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதை உள்துறை அமைச்சகம் எழுத்தில் வரையறுக்க வேண்டும். புதிய நினைவகத்துக்கான ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைப் பழைய சுவர்களுக்கு வழங்கலாமே என்று அவையில் எவரேனும் கேட்டால், அது அத்தீவு மக்களின் கேள்வியாகவே இருக்கும்.