அடியில் பிறக்கும் விரிசல்

"எவர்சில்வர்தான் தேயாதே, பிறகு எஸ்.எஸ். பேரிங் மட்டும் ஏன் கொஞ்ச காலத்தில் சத்தம் கொடுக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 'ஆயுளுக்கும் தேயாது' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினாராம். துருப்பிடிக்காதது வேறு, தேயாதது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

பாத்திரத்தில் இருக்கும் 304 ரக எஃகு உராய்வுக்குச் சற்றும் தாங்காது. அதைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். உரசலில் அது உரிந்ததும் உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். எஸ்.எஸ். போல்ட்டில் நட்டை எண்ணெயில்லாமல் வேகமாக முறுக்கியவர்களுக்கு இது தெரியும்: பாதியில் இறுகிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எனவே பேரிங்குக்கு 440சி என்ற வேறொரு எஃகு. குரோமியம் சுமார் 17 சதவீதம், கார்பன் 1 சதவீதம். காந்தம் ஒட்டும். சூடாக்கிக் குளிர்வித்தால் நன்றாகக் கடினமாகும்.

ஆனால் நல்ல பேரிங் உரசலால் சாவதில்லை. கிரீஸ் சரியாக இருந்தால் பால்ரஸுக்கும் வளையத்துக்கும் நடுவில் ஓடும்போது ஓர் எண்ணெய்ப் படலம் நிற்கும். அப்படியும் ஒருநாள் வளையத்தின் தடத்தில் சில்லு பெயர்ந்து குழி விழுகிறது. அந்தக் குழிக்குக் காரணமான விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில் பிறப்பதே இல்லை. கண்ணுக்கு எட்டாமல் அடியில் பிறக்கிறது. பேரிங் விஷயத்தில் இதைவிட அழகான ஒன்றை நான் அறியேன்.

பால்ரஸ் வளையத்தை அழுத்தும் இடம் மிகச் சிறியது. சுமை முழுவதும் அந்தப் புள்ளியில் இறங்குவதால் அழுத்தம் 1 முதல் 3 கிகாபாஸ்கல் வரை போகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் மடங்கு. மேற்பரப்பில் உலோகம் எல்லாப் பக்கமும் நெருக்குண்டு கிடப்பதால் அங்கே நழுவ இடமில்லை. அதற்குக் கீழே, பத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், ஓர் அடுக்கை இன்னோர் அடுக்கின் மேல் வழுக்கவைக்கும் வெட்டுவிசை உச்சத்தைத் தொடுகிறது. பால்ரஸ் நெருங்கி வரும்போது ஒரு திசையில் இழுப்பு, கடந்து போகும்போது எதிர்த்திசையில் இழுப்பு. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இதுவே நடக்கிறது.

சப்பாத்தி மாவுக்குள் ஒரு மிளகு மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டையை முன்னும் பின்னும் உருட்டுகிறீர்கள். மாவு நகரும், மிளகு நகராது. அதன் ஓரத்தில் மாவு கிழிகிறது, ஆனால் மேலே வழவழப்பாகவே தெரிகிறது. கிழிசல் நீண்டு மேலே வந்த பிறகுதான் மிளகோடு ஒரு துண்டு பெயரும். எஃகில் மிளகின் வேலையைச் செய்பவை, உருக்கும்போது தங்கிவிட்ட அலுமினா போன்ற துகள்கள். மாவைச் சலிப்பதுபோல எஃகை வெற்றிடத்தில் மறுபடி உருக்கினால் அவை குறையும். 440சியின் தொல்லை சலித்தாலும் தீராது. அதன் கார்பனும் குரோமியமும் சேர்ந்து தாமாகவே பெரிய கார்பைடு கட்டிகளாகிவிடுகின்றன, கல்லுப்பைக் கரைக்காமல் மாவில் போட்டதுபோல. கட்டியின் ஓரத்தில் மாவு கிழியும்; உப்பு அங்கேயே முடங்கியதால் மற்ற இடம் சப்பென்றிருக்கும். இங்கே முடங்குவது துருவைத் தடுக்க வேண்டிய குரோமியம்.

வரலாறு தேவையென்றால்: தொடு அழுத்தத்தின் கணக்கை ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் 1881இல் போட்டார், கண்ணாடி வில்லைகளை யோசித்துக்கொண்டிருந்தபோது. ஸ்வீடனின் லுண்ட்பெர்கும் பால்ம்கிரெனும் 1947இல் பேரிங்கின் ஆயுளுக்குச் சூத்திரம் கொடுத்தார்கள்.

அந்தச் சூத்திரத்தைப் படித்தால் விளம்பரம் நிற்காது. பால் பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகும். தயாரிப்பாளரின் பட்டியலில் போட்டிருக்கும் ஆயுளும் உத்தரவாதமல்ல. நூற்றில் பத்து அதற்குள் போய்விடும் என்றே அதற்குப் பொருள். பாதி போவதற்கு அதைப்போல் சுமார் ஐந்து மடங்கு காலம் ஆகும். நம்முடையது எதில் சேரும் என்பதை எந்தத் துகள் எங்கே கிடக்கிறது என்பது தீர்மானிக்கிறது. 440சிக்குப் பல பட்டியல்களில் சாதாரண குரோம் எஃகைவிடக் குறைந்த சுமைதான் போட்டிருப்பார்கள். உப்புக்காற்றோ கழுவும் தண்ணீரோ படாத இடத்தில் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

உண்மையான முன்னேற்றம் சத்தமில்லாமல் வந்தது. கார்பனில் ஒரு பகுதிக்குப் பதிலாக நைட்ரஜன். க்ரோனிடூர் 30 என்ற எஃகில் கார்பன் 0.3 சதவீதம், நைட்ரஜன் ஏறக்குறைய 0.4 சதவீதம். சாதாரண உலையில் அவ்வளவு நைட்ரஜன் உருகிய எஃகில் தங்காது, குமிழியாக வெளியேறிவிடும். உயர் அழுத்தத்தில் மறு உருக்கம் செய்தால்தான் நிற்கும். பலன், பெரிய கட்டிகளுக்குப் பதிலாகப் பொடிப்பொடியான துகள்கள். கரைத்து ஊற்றிய உப்பு.

உரசலால் செத்த பேரிங்குகளும் உண்டு. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் ஆக்சிஜன் டர்போபம்ப் நிமிடத்துக்குச் சுமார் 28,000 முறை சுற்றியது. திரவ ஆக்சிஜனில் எண்ணெய் வைத்தால் தீப்பிடிக்கும் என்பதால் எண்ணெயோ கிரீஸோ கிடையாது. அங்கே 440சி பால்ரஸ்கள் உண்மையிலேயே தேய்ந்தன. பறப்புக்குப் பின் பம்ப்பைக் கழற்றிச் சோதிக்க வேண்டியிருந்தது. 1995 ஜூலையில் டிஸ்கவரி என்ற ஓடம் புதிய பம்ப்போடு பறந்தபோது அதிலிருந்த பால்ரஸ்கள் எஃகே அல்ல, சிலிக்கான் நைட்ரைடு என்ற பீங்கான் வகை.