எந்த மருத்துவமனையை முதலில் எழுதுவது?

(முதுகலைக் கணிதவியல், இரண்டாம் ஆண்டு)

கணிதம் என்றதும் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே நம்மில் பலருக்கு நினைவில் தோன்றும். "இதைப் படித்து என்ன பயன்?" என்று கணித மாணவர்களைக் கேலி செய்யாத வகுப்பு நம் கல்லூரியில் ஒன்றுகூட இல்லை எனலாம். அந்தக் கேலிக்கு விடையாக, ஒரு கணித முறை இளம் மருத்துவர்களின் வாழ்க்கையை எவ்வாறு தொடுகிறது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன். சூத்திரம் ஒன்றும் வராது. வரலாறு, தமிழிலக்கியம் பயிலும் நண்பர்களும் அஞ்சாமல் படிக்கலாம்.

முறை என்ன?

அமெரிக்க நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர் உடனே தனியாக மருத்துவம் பார்த்துவிட முடியாது. 'ரெசிடென்சி' எனப்படும் மேற்பயிற்சியை ஒரு மருத்துவமனையில் பெறவேண்டும். பொது மருத்துவத்திற்கும் குழந்தை மருத்துவத்திற்கும் மூன்று ஆண்டுகள். பொது அறுவை மருத்துவத்திற்கு ஐந்து. மூளை நரம்பு அறுவைக்கு ஏழு. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து அங்கே செல்வோருக்கும் இதே வழிதான்.

இலையுதிர் காலம் தொடங்கிச் சனவரி வரை நேர்முகத் தேர்வுகள் நடைபெறும். அவை முடிந்தபின் ஒவ்வொரு மருத்துவரும், தாம் நேர்முகத் தேர்வுக்குச் சென்ற மருத்துவமனைகளை விருப்ப வரிசையில் எழுதி அனுப்புகிறார். ஒவ்வொரு மருத்துவமனையும் தான் பார்த்த மருத்துவர்களை அவ்வாறே வரிசைப்படுத்தி அனுப்புகிறது. ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்க முடியாது. 'நேஷனல் ரெசிடென்ட் மேட்சிங் புரோகிராம்' என்னும் அமைப்பின் கணிப்பொறி இரண்டையும் ஒப்பிட்டு, 40,000க்கும் மேற்பட்ட இடங்களுக்கு ஆட்களை இணைக்கிறது. மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரத்தில், திங்களன்று இடம் கிடைத்ததா என்பது மட்டும் தெரியும். எந்த இடம் என்பது வெள்ளியன்று தெரியும். வந்த முடிவு இருதரப்பையும் கட்டுப்படுத்தும்.

நம் மாநிலத்துப் பொறியியல் கலந்தாய்வோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இங்கே மதிப்பெண்தான் வரிசையை வகுக்கிறது. எந்தக் கல்லூரியும் "இந்த மாணவனே எனக்கு வேண்டும்" என்று சொல்வதில்லை. அங்கோ ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனி வரிசை உண்டு. ஓரிடத்தில் முதலாவதாக வைக்கப்பட்டவர் வேறோரிடத்தில் நூறாவதாகவும் இருக்கலாம். தம்மை யார் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமலேயே அவர் தம் பட்டியலை எழுதவேண்டும். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

களாக்காயும் பலாக்காயும்

என் பெரியப்பா மகள் ஒருவர் சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு இந்த நேர்முகத் தேர்வுகளை எழுபடிகளாகக் கடந்தார், ஏழு மருத்துவமனைகள். அவர் மனம் விரும்பிய மருத்துவமனையில் கேள்விகள் கடுமையாக இருந்தன. வேறொன்றில் துறைத் தலைவரே, "உங்களைப் போன்றவர்கள்தாம் எங்களுக்கு வேண்டும்" என்று இன்முகம் காட்டினார். ஆனால் அங்கே பயிற்சி குறைவு என்பது அக்காவின் கருத்து.

"கிடைக்கப் போகும் பலாக்காயைவிடக் கிடைத்த களாக்காய் மேல். உன்னை வேண்டும் என்பவர்களையே முதலில் எழுதிவிடம்மா" என்றார் பெரியப்பா. விரும்பிய இடத்தை முதலில் எழுதி அது கைவிட்டுப் போனால், இரண்டாவதாக எழுதிய இடமும், 'எங்களை இரண்டாவதாகத்தானே வைத்தாய்' என்று கதவடைத்துவிடும் என்பது அவர் அச்சம். அக்கா என்னிடம், "நீதான் கணக்குப் படிக்கிறவனாயிற்றே, சொல்லு" என்றார்.

பெரியப்பாவின் அச்சம் வீண் அச்சமன்று. ஒரு காலத்தில் அது முற்றிலும் உண்மையாக இருந்தது. எனவே சற்றுப் பழைய கதையைக் காண்போம்.

தந்தி வந்த காலம்

1940களில் அமெரிக்க மருத்துவமனைகள் பயிற்சி மருத்துவர்களைத் தாமே நேரடியாக அமர்த்தின. நல்ல மாணவர்களை முந்திக்கொண்டு பிடிக்கும் போட்டியில், படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே இடம் தரத் தொடங்கின. அந்தப் பருவத்தில் ஒரு மாணவரின் திறமையை எப்படி அறிவது? ஆகவே 1945இல் மருத்துவக் கல்லூரிகள் ஒன்றுகூடி, குறிப்பிட்ட நாளுக்கு முன் மாணவர் பற்றிய விவரங்களை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தன.

ஒரு நோய் தீர்ந்தது, மற்றொன்று பிறந்தது. இடம் தருவதாகச் செய்தி பெற்ற மாணவர், அதைவிட விரும்பிய மருத்துவமனையின் அழைப்புக்காகக் காத்திருப்பார். கடைசியில் அவர் மறுத்துவிட்டால் மருத்துவமனைக்கு நட்டம். எனவே விடை கூறும் அவகாசம் சுருங்கத் தொடங்கியது. 1945இல் பத்து நாள் இருந்தது. 1949இல் பன்னிரண்டு மணி நேரம் தரலாம் என்ற யோசனையையே மருத்துவமனைகளின் சங்கம் 'மிக நீளம்' என்று மறுத்தது. தந்தி வந்தவுடன் 'சரி' என்றோ 'இல்லை' என்றோ சொல்லவேண்டிய நிலை! அந்நாளில் களாக்காயைக் கைவிட்டவர் வெறுங்கையோடு நின்றிருக்கக்கூடும்.

இந்த அவலத்தை ஒழிக்கவே, எல்லாருடைய பட்டியலையும் ஒரே இடத்தில் பெற்று இணைக்கும் திட்டம் உருவானது. ஆனால் முதலில் வகுக்கப்பட்ட முறையில் ஒரு குறை இருந்தது. இருதரப்பும் ஒருவரையொருவர் முதலாவதாக எழுதியிருந்தால் அந்த இணைகளை முதலில் முடித்துவிடும். பிறகே அடுத்த நிலைகளுக்குச் செல்லும். இதனால், எட்டாத இடத்தை முதலில் எழுதியவர், இரண்டாவதாக எழுதிய இடத்தையும் இழக்க நேரிடும். பெரியப்பா அஞ்சியது இதைத்தானே!

அந்தக் குறையைக் கண்டு குரல் எழுப்பியவர்கள் பேராசிரியர்கள் அல்லர், மாணவர்கள்! 1951இல் ஹார்வர்டு மருத்துவ மாணவரான ஹார்டி ஹென்ட்ரன் உள்ளிட்டோர் பல கல்லூரி மாணவர்களை ஒன்றுதிரட்டி, முறையை மாற்றவேண்டும் என்று வற்புறுத்தினர். மாற்றமும் வந்தது. 1952இல் முதல் இணைப்பு திருத்திய முறைப்படியே நடந்தது. ஹென்ட்ரன் பிற்காலத்தில் புகழ்பெற்ற குழந்தை அறுவை மருத்துவராக விளங்கினார்.

கணிப்பொறி செய்வது என்ன?

ஒரு சிறு எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். அ, ஆ, இ என்று மூன்று மருத்துவர்கள். மலையடி, ஆற்றங்கரை, கடற்கரை என்று மூன்று கற்பனை மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இடம் என்று வைத்துக்கொள்வோம்.

மருத்துவர்களின் விருப்பம்:
அ – மலையடி, ஆற்றங்கரை, கடற்கரை.
ஆ – மலையடி, கடற்கரை, ஆற்றங்கரை.
இ – ஆற்றங்கரை, மலையடி, கடற்கரை.

மருத்துவமனைகளின் விருப்பம்:
மலையடி – இ, ஆ, அ.
ஆற்றங்கரை – அ, இ, ஆ.
கடற்கரை – ஆ, அ, இ.

முதலில் 'இ' தம் முதல் விருப்பமான ஆற்றங்கரையின் கதவைத் தட்டுகிறார். இடம் காலி; ஆனால் "இப்போதைக்கு உட்காருங்கள்" என்றுதான் அது சொல்லும், "இடம் உமக்கே" என்று சொல்லாது. 'அ' மலையடிக்குச் செல்கிறார். அங்கும் இப்போதைக்கு அமர்கிறார். அடுத்து 'ஆ'வும் மலையடிக்கு வருகிறார். மலையடிக்கு 'அ'வைவிட 'ஆ' மேல். ஆகவே 'அ' எழுந்திருக்க வேண்டியதுதான்.

எழுந்த 'அ' தம் இரண்டாம் விருப்பமான ஆற்றங்கரைக்குப் போகிறார். அங்கே 'இ' முன்பே அமர்ந்திருக்கிறார். தாமதமாக வந்ததற்காகவோ, தன்னை இரண்டாவதாக எழுதியதற்காகவோ ஆற்றங்கரை அவரை ஒதுக்குவதில்லை. தன் பட்டியலை மட்டுமே பார்க்கிறது. அதில் 'அ' முதலிடம். எனவே 'இ' எழுகிறார். 'இ' மலையடிக்குச் செல்ல, அங்கே 'ஆ' எழுகிறார். 'ஆ' கடற்கரைக்குச் சென்று அமர்கிறார். இனி எழுவார் இல்லை. அந்த நொடியில்தான் 'இப்போதைக்கு' என்பது 'நிலையாக' என்று மாறுகிறது.

'அ'வைக் கவனியுங்கள். தம்மைக் கடைசியாக வைத்த மலையடியை அவர் முதலில் எழுதினார். அதனால் இழந்தது ஒன்றுமில்லை. ஆற்றங்கரை அவருக்காகக் காத்திருந்ததுபோல் கிடைத்துவிட்டது. கைவிட்டுப் போன பலாக்காய், களாக்காயையும் உடன் கொண்டுபோகவில்லை!

இந்த முறையின் கணிதத்தை டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்னும் இரு அறிஞர்கள் 1962இல் ஒரு கட்டுரையில் நிறுவினர். மருத்துவமனைகள் பத்து ஆண்டுகளாகப் பின்பற்றிவந்ததும் அடிப்படையில் இதுவே என்பதை ஆல்வின் ராத் 1984இல் எடுத்துக்காட்டினார். நடைமுறை முந்திக்கொண்டது, கணிதம் பின்னால் வந்து காரணம் சொன்னது. ஒரு வேறுபாடு உண்டு. பழைய முறையில் கதவைத் தட்டுவோர் மருத்துவமனைகளாக இருந்தனர். தட்டுகிற தரப்புக்கே இம்முறை சற்றுச் சாதகமானது. எனவே ராத்தும் எலியட் பெரான்சனும் மருத்துவர்களே தட்டும்படி முறையைத் திருத்தி அமைத்தனர். 1998 முதல் அது நடைமுறையில் உள்ளது. ராத், ஷேப்லி இருவருக்கும் 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008இலேயே மறைந்துவிட்டார்.

எழுத வேண்டியது விருப்பத்தை

ஆகவே நான் அக்காவிடம் கூறியது இதுதான்: "எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். எங்கே வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்." கிடைக்குமா என்பதை மருத்துவமனைகளின் பட்டியல்கள் பார்த்துக்கொள்ளும். அதையும் நாமே ஊகித்து வரிசையை மாற்றினால், நமக்கு நாமே கதவடைத்தவர்கள் ஆவோம். கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இடம் வேண்டிச் சேர்த்துப் பட்டியல் தரும்போது கணக்கு சற்றுச் சிக்கலாகும். ஆயினும் அவர்களுக்கும் அறிவுரை இதுவே.

துறைத் தலைவரின் இன்சொல்லை என்ன செய்வது? ஆர்வத்தை இருதரப்பும் தெரிவித்துக்கொள்ளலாம், "எங்களை எத்தனையாவதாக எழுதுவாய்?" என்று கேட்பதை விதி தடுக்கிறது. இன்சொல் மனத்துக்கு இதம். வரிசைக்கு அது காரணமாகக் கூடாது.

ஆனால் கணிதம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. உண்மை விருப்பத்தை எழுதச் சொல்லும் அது, உண்மை விருப்பம் எது என்று சொல்லாது. அதனை நாமே தேட வேண்டும். அக்கா ஒவ்வொரு நேர்முகத் தேர்வு நாளின் மாலையிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார். எத்தனை வகை நோயாளிகள் வருகிறார்கள்? இரவுப் பணியில் ஐயம் எழுந்தால் கேட்க மூத்த மருத்துவர் அருகில் உண்டா? முன்பு பயின்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அங்கே பயில்வோர் தமக்குள் சிரித்துப் பேசுகிறார்களா, சோர்ந்த முகத்தோடு இருக்கிறார்களா? வாரத்திற்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற வரம்பு 2003இல் நாடு முழுவதற்கும் வந்தது; அது அங்கே ஏட்டளவிலா, நடப்பிலா? வெளிநாட்டவருக்கு விசாவும் ஒரு கேள்வி. 'ஜே-1' விசாவில் செல்பவர் பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டுகள் தாயகத்தில் வாழ வேண்டும். அல்லது விலக்குப் பெற வேண்டும்.

பெயரும் புகழும் மட்டுமே ஓர் இடத்தை முதலாவதாக்கிவிடா. உறவினர் வாழும் ஊரில் இருப்பதற்காக ஒன்றை மேலே வைப்பதும் உண்மையான விருப்பமே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: முடிவு கட்டுப்படுத்தும் என்பதால், "இங்கே போவதைவிட இடமே இல்லாமல் இருக்கலாம்" என்று தோன்றும் இடத்தைப் பட்டியலிலேயே சேர்க்கக்கூடாது. அதைவிட மேலான எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அடியில் ஒரு பெயரைச் சேர்ப்பதால் மேலே உள்ள வாய்ப்பு குறைவதில்லை.

அக்காவுக்குக் கிடைத்தது பட்டியலில் மூன்றாவதாக எழுதிய மருத்துவமனை. முதலாவது கிடைக்கவில்லையே என்று ஓர் இரவு வருந்தினார். ஆனால் இம்முறையில் ஒரு நேர்மை உண்டு. மேலே எழுதிய இரண்டு இடங்களிலும், அந்த மருத்துவமனைகள் அவரைவிட விரும்பியவர்களே அமர்ந்திருக்கிறார்கள் என்பது உறுதி. வேறு வரிசையில் எழுதியிருந்தாலும் அவை கிடைத்திரா. இன்முகம் காட்டிய இடமோ அவர் பட்டியலில் ஐந்தாவது. பெரியப்பா சொன்னபடி அதை முதலில் எழுதியிருந்தால் அங்கேயே அமர்ந்திருக்கக்கூடும்.

நண்பர்களே! விரும்பியதெல்லாம் கிடைக்கும் என்று எந்தக் கணிதமும் உறுதி கூறாது. விருப்பத்தை மறைக்காமல் சொன்னவர் அதனாலேயே தண்டிக்கப்படாத ஒரு முறையை வகுக்க முடியும் என்றுதான் அது நிறுவுகிறது. குறையைக் கண்ட மாணவர்கள் 1951இல் வாய்மூடி இருந்திருந்தால் அதுவும் கிடைத்திராது. விண்ணப்பப் படிவங்களை நிரப்பும் பருவத்தில் நிற்கும் நமக்கு, முறை எப்படி இயங்குகிறது என்று முதலில் கேட்டறிவதும், பின்பு உள்ளத்தில் உள்ளதை அப்படியே எழுதுவதும் நல்ல பழக்கங்கள் அன்றோ?