சயாமுக்குப் போனவர்கள்: காஞ்சனாபுரியில் தேடிய ஒரு பெயர்

கேமரன் மலைக்கு வருபவர்கள் தேயிலைச் சரிவில் படம் பிடித்து, ஸ்ட்ராபெர்ரி வாங்கி, மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சரிவுகளை ஒட்டிய குடியிருப்புகளில் தொண்ணூறு வயதைத் தொட்ட பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டால், மரவள்ளிக்கிழங்கும் சயாமும்தான் அவர்கள் பேச்சில் முதலில் வரும்.

என் பாட்டியும் அவர்களில் ஒருவர். பிறந்தது மலையடிவாரத்தில், தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். 1943-இல் அவருக்கு ஒன்பது வயது. அந்த ஆண்டுதான் அவருடைய அப்பாவை ரயில் பாதை வேலைக்கு ஏற்றிச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. போர் முடிந்த பிறகு, தாயும் மகளும் கொழுந்து பறிக்க மலைக்கு வந்து சேர்ந்தார்கள். இறந்த நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் அவருக்கு ஆடி அமாவாசையன்றுதான் படையல்.

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தாய்லாந்து போவதாகச் சொன்னபோது பாட்டி ஒன்றுதான் கேட்டார்: "எங்கப்பா பேரு அங்க எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு பாத்துட்டு வாய்யா."

பேங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கிறது காஞ்சனாபுரி. தோன்புரி நிலையத்திலிருந்து ரயிலிலேயே போகலாம். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் குவாய் ஆற்றுப் பாலத்துக்குத்தான் போகிறார்கள். நாங்கள் முதலில் போனது, 2003-இல் திறக்கப்பட்ட தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் என்னும் அருங்காட்சியகத்துக்கு.

அங்குள்ள வரைபடங்களைப் பார்த்தால் போரின் கணக்கு புரிந்துவிடும். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்குப் பாதை போட முடிவானது. 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலையையும் காட்டையும் மனிதக் கைகளே உடைத்தன.

அந்தக் கைகள் யாருடையவை? போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள்.

போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத நேரம் அது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது, வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள். இலவசப் படம் காட்டுவதாக அழைத்து, அப்படியே ரயிலேற்றியதாகவும் உயிர் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கைதிகளும் பட்டினி கிடந்தார்கள், அடிபட்டார்கள். ஆனால் அவர்கள் ஒரு படையாக இருந்தார்கள். அதிகாரிகள் இருந்தார்கள், கூடவே வந்த ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், இறந்தவர்களின் பெயரைக் குறித்து வைக்க ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது, அவர்களுடைய முகாம்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன.

அருங்காட்சியகத்தின் மாடியில் ஒரு சிற்றுண்டிக் கூடம். அதன் சன்னல் வழியே டோன் ரக் போர்க் கல்லறை தெரிகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து வீரர்கள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே வரிசையாக உறங்குகிறார்கள். வெட்டிய புல், பூச்செடிகள், கல்லில் பெயர், வயது. என் மகன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனான். "நம்ம தாத்தாவோடது எந்த வரிசைப்பா?" என்று கேட்டான். இங்கே இல்லை, காட்டில் எங்கோ என்றேன்.

1957-இல் வெளிவந்த குவாய் பாலம் படம் உலகம் முழுவதும் ஓடியது. இலங்கையில் எடுத்த படம். ஆனால் கதை முழுக்க வெள்ளைக்காரக் கைதிகளுடையது. இந்த மண்ணில் விழுந்த தமிழனைப் பற்றி எழுத நம் எழுத்தாளர்கள்தான் வந்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் நம் வீடுகளில் இருக்க வேண்டியவை.

ஊருக்குள் வாட் தாவோன் வராராம் என்ற புத்த ஆலயத்துக்கும் போனோம். அங்கே தமிழர் அமைப்புகளின் முயற்சியால் 2023-இல் நம் தொழிலாளர்களுக்காக நடுகல் நாட்டப்பட்டிருக்கிறது. பாட்டி கொடுத்தனுப்பிய வெற்றிலை பாக்கையும் பூவையும் அதன் முன்னால் வைத்துக் கும்பிட்டோம். பெயர் இல்லாவிட்டாலும், நிற்பதற்கு ஓரிடம் கிடைத்தது.

வீடு திரும்பியதும் பாட்டியிடம் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நீ எழுதி வையி" என்றார். அன்று இரவே அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், தோட்டம், கூடப் போன நான்கு பேரின் பெயர்கள், தமிழ்நாட்டில் அவர்களின் ஊர். இரண்டு பக்கம் வந்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் "சயாமுக்குப் போனவர்" என்று ஒருவர் இருக்கக்கூடும். அவரை நினைவில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறை இது. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தாலே போதும். பெயர், தோட்டம், போன ஆண்டு, அப்போது வயது என்ன என்ற நான்கு விவரங்களை மட்டுமாவது கேட்டு வையுங்கள். இந்த வரலாற்றைத் திரட்டும் மரண ரயில் ஆர்வலர் குழு நம் நாட்டிலேயே இயங்குகிறது, அவர்களிடமும் கொடுக்கலாம். அடுத்த விடுமுறைக்குத் தாய்லாந்து போகிறவர்கள், பாலத்தில் படம் எடுத்த கையோடு அந்த நடுகல்லுக்கும் ஒரு முழம் பூ கொண்டு போங்கள்.