ஆடி உள்ள காமிராவும் ஆடி இல்லாக் காமிராவும்

நிழற்படம் எடுப்போரிடையே இன்று ஒரு வினா நிலவுகிறது. பல்லாண்டு கையில் பழகிய டி.எஸ்.எல்.ஆர். காமிராவை வைத்துக்கொள்வதா? அதை விற்றுவிட்டு ‘மிர்ரர்லெஸ்’ எனப்படும் காமிராவுக்கு மாறுவதா? பெட்டி ஒன்றை மாற்றுவதோடு முடியும் செய்தியன்று இது. தொழிலாகப் படமெடுப்பவரின் பணத்தில் பெரும்பகுதி லென்சுகளில் முடங்கிக் கிடக்கிறது. காமிரா மாறினால் அவையும் மாற நேரலாம். ஆதலின், முடிவு செய்யுமுன் இவ்விரு கருவிகளும் இயங்கும் முறையை அறிந்துகொள்வது நலம்.

முகம் பார்க்கும் கண்ணாடியை ‘ஆடி’ என்பது பழந்தமிழ் வழக்கு. கண்ணாடி என்றால் லென்சையும் குறிக்குமோ என்ற மயக்கம் வராதிருக்க, இங்கு ஆடி என்ற சொல்லையே கொள்வோம்.

ஆடி ஏன் வந்தது?

பிலிம் இருளிலேயே இருக்க வேண்டிய பொருள். படம் பிடிக்கும் நொடிக்கு முன் அதன்மேல் ஒளி பட்டால் பாழாகிவிடும். ஆயினும், லென்சு காணும் காட்சியை அதே லென்சின் வழியாகக் காணப் படமெடுப்பவர் விரும்பினார். இதற்குக் கண்ட வழியே ஆடி. லென்சுக்கும் பிலிமுக்கும் இடையே சாய்வாக நிற்கும் ஆடி, ஒளியை மேல்நோக்கித் திருப்பும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழுந்து வழிவிடும், ஷட்டர் திறக்கும், படம் பதியும்.

1936இல் ஜெர்மனியில் வெளிவந்த கினே எக்சாக்டா, 35 மி.மீ. பிலிமைக் கொண்ட இவ்வகைக் காமிராக்களில் முன்னோடியாகும். அதில் காட்சியை மேலிருந்து குனிந்தே பார்க்க வேண்டும். இடம் வலமாகத் தெரியும். 1949இல் வந்த காண்டாக்ஸ் எஸ் காமிராவில் இருந்த கண்ணாடிப் பட்டகம் இக்குறையைத் தீர்த்தது. 1959இல் நிக்கான் எஃப் வெளிவந்தபின், தொழில்முறைப் படப்பிடிப்பில் இவ்வமைப்பு உறுதியாகக் காலூன்றியது.

பின்னர் பிலிமின் இடத்தில், ஒளியை மின்குறிகளாக மாற்றும் சென்சார் வந்தது. 1991இல் கோடாக் நிறுவனம், நிக்கான் எஃப்3 என்னும் பிலிம் காமிராவின் உடலிலேயே சென்சாரைப் பொருத்தி விற்றது. பிலிம் போயிற்று, பிலிமுக்காக வந்த ஆடி மட்டும் தங்கிவிட்டது. அதுவே டி.எஸ்.எல்.ஆர். பரம்பரை.

ஆடி ஏன் போயிற்று?

சென்சாருக்கோ இருள் தேவையில்லை. அது தான் காணும் காட்சியை நொடிதோறும் சிறு மின்திரைக்கு அனுப்ப வல்லது. அப்படியாயின் நடுவே ஆடி எதற்கு? 2008இல் பானசோனிக் ஜி1 காமிரா ஆடியை நீக்கி, மின்திரை வழியே காட்சியைக் காட்டியது. 2013இல் சோனி ஏ7 வந்தது. 2018இல் நிக்கானும் கேனனும் முழு அளவுச் சென்சார் கொண்ட ஆடியில்லாக் காமிராக்களைக் கொணர்ந்தன.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் மூன்று. முதலாவது, டி.எஸ்.எல்.ஆரில் கண் காண்பது எதிரேயுள்ள காட்சியை. இதில் காண்பது பதியப்போகும் படத்தை. வெளிச்சம் மிகுமா குறையுமா என்பது பொத்தானை அழுத்துமுன்னே தெரிந்துவிடும். இரண்டாவது, தெளிவு. டி.எஸ்.எல்.ஆரில் குவியத்தை அளக்கும் கருவி வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டிற்கும் செல்லும் ஒளிப்பாதைகளில் மயிரிழை வேறுபாடு இருப்பினும், கண்ணில் விழ வேண்டிய தெளிவு காதில் விழும். ஆடியில்லாக் காமிராவிலோ சென்சாரே குவியத்தை அளக்கிறது. முகத்தில் கண் எங்கேயுள்ளது என்பதையும் தேடிப் பின்தொடர்கிறது. மூன்றாவது, மௌனம். மின்முறை ஷட்டரைக் கொண்டு ஓசையின்றிப் படமெடுக்கலாம். தாலி கட்டும் நேரத்தில் மணமேடையருகே நிற்பவருக்கு இதன் அருமை தெரியும்.

இழப்பும் உண்டு

நிக்கானின் டி850 (2017), இசட்7 (2018) ஆகிய இரண்டையும் ஒப்பிடுவோம். இரண்டின் சென்சாரும் 45.7 மெகாபிக்சல். எனவே அச்சிட்ட படத்தைப் பார்த்து, எது எதில் எடுத்தது என்று கூறுவது அரிது. எடையில், பேட்டரியும் அட்டையும் சேர்த்து, முன்னது 1,005 கிராம். பின்னது 675 கிராம். ஆனால் பேட்டரியின் ஆயுளோ தலைகீழ். தரமுறைச் சோதனைக் கணக்கில் டி850 ஒரு பேட்டரியில் 1,840 படங்கள் எடுக்கும். இசட்7 எடுப்பது 330. நடைமுறையில் கூடுதலாக எடுக்கலாம் எனினும், மின்திரை இடையறாது எரிவதால் இவ்விழப்பு தவிர்க்க இயலாதது. நாள் முழுதும் நடக்கும் திருமணத்திற்குப் பையில் மாற்றுப் பேட்டரிகள் இருந்தே ஆகவேண்டும்.

மௌன ஷட்டரிலும் ஒரு சிக்கல் உள்ளது. பல காமிராக்களில் சென்சார் காட்சியை வரிவரியாகப் படிக்கிறது. சில எல்.இ.டி. விளக்குகளின்கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்; விரைந்து ஓடும் பொருள் சாய்ந்து தெரியும்.

லென்சுகளின் கதி

ஆடி எழுந்தாட இடம் வேண்டும். அதனால் நிக்கான் எஃப் அமைப்பில் லென்சின் பொருத்துவாய்க்கும் படத்தளத்திற்கும் உள்ள தொலைவு 46.5 மி.மீ. ஆடியை நீக்கிய இசட் அமைப்பில் அது 16 மி.மீ. மட்டுமே. கேனனில் 44 மி.மீ., 20 மி.மீ. ஆயிற்று. இந்த வேறுபாட்டை ஓர் இணைப்பு வளையத்தால் நிரப்பினால் பழைய லென்சு புதிய காமிராவில் அமரும். புதிய லென்சைப் பழைய காமிராவில் பொருத்திப் பயன் கொள்ளவோ வழியில்லை. நிரப்பலாம், குறைக்க இயலாது.

இங்கும் எச்சரிக்கை தேவை. கேனனின் இ.எஃப். லென்சுகளில், 1987 முதற்கொண்டே, குவியம் செய்யும் மோட்டார் லென்சுக்குள் உள்ளது. ஆகவே வளையத்தின் வழியாகவும் அவை தாமே குவியம் கொள்ளும். நிக்கானின் பழைய ஏ.எஃப்-டி வகை லென்சுகளை இயக்கிய மோட்டார் காமிராவுக்குள் இருந்தது. நிக்கானின் எஃப்.டி.இசட். வளையத்தில் அம்மோட்டார் இல்லை. ஆதலால் அவற்றைக் கையால் திருப்பியே குவியம் செய்ய வேண்டும். இந்த ஒரு செய்தியை அறியாமல் மாறினால், நல்ல லென்சு பாதிப் பயனே தரும்.

யார் மாறலாம்?

பறவை, விளையாட்டு, திருமணம், ஓடும்படம் ஆகியவற்றில் உழைப்போர்க்கு மாற்றத்தின் பயன் உடனே கைவரும். மலையையும் கோபுரத்தையும் முக்காலியில் காமிரா வைத்து நிதானமாக எடுப்பவர், உள்ள கருவி பழுதாகும் வரை பொறுக்கலாம். ஆனால் இனிமேல் பெருந்தொகை கொடுத்துப் புதிய டி.எஸ்.எல்.ஆர். லென்சு வாங்குவோர், நிக்கான், கேனன் ஆகியவற்றின் புத்தாக்கம் ஆடியில்லாப் பக்கமே சென்றுவிட்டதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் தம் லென்சுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுக. எவை வளையத்தோடு முழுமையாக இயங்கும் எனக் குறித்துக்கொள்க. பிறகு ஆடியில்லாக் காமிரா ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, தாம் அன்றாடம் செய்யும் வேலையையே அதில் செய்து பார்க்க. மாறுவதா, பொறுப்பதா என்பது அன்று மாலைக்குள் தெளிவாகும்.